ஏழாவது நிறுத்தத்தின் பேர்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் லிங்கேஸ்வரனுக்கு, உலகத்தில் பூமிக்கு அடியில் ஓடும் ரயில்களைப் பற்றித் தெரியாதது எதுவும் கிடையாது. பூமிக்கு மேலே நடப்பதுதான் அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரியவரும்.

கடைச் சுவரில் மூன்று படங்கள் ஒட்டியிருந்தான். லண்டன், கல்கத்தா, சென்னை. சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோடுகள் ஓடி, ஒன்றையொன்று வெட்டி, நடுநடுவே சின்ன வட்டங்கள் போட்ட சுரங்க ரயில் பாதைப் படங்கள். காதுகுத்துக்கு பேனர் அடிக்க வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "என்னண்ணே, கால் நரம்பா?" என்பார்கள். அவ்வளவுதான், பேனர் அரை மணி நேரம் தள்ளிப்போகும். 1863இல் லண்டனில் நீராவி இன்ஜினையே தரைக்கு அடியில் ஓட்டினார்கள் என்பதில் தொடங்குவான். பந்து விளையாடும் கிளப் ஒன்று, தெருவின் பேரில் இருந்த ஸ்டேஷனைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட கதைக்குப் போவான். கல்கத்தாவுக்கு வந்து சேர்வதற்குள் கேட்டவருக்கு வேறு சோலி ஞாபகம் வந்துவிடும்.

அவன் சொல்வதில் ஒரு கொள்கையும் உண்டு. "ஸ்டேஷனுக்குப் பேரு மேல இருக்கிறவன் வைக்கிறதில்ல. சனங்க எறங்குற எடத்துல வாயில வந்தது நெலைக்குது. அத மாத்துறவன் வரலாத்த அழிக்கிறான்."

போன வருடம் மனைவி ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு போடியிலிருந்து நேரடி ரயிலில் சென்னைக்குப் போனான். சென்ட்ரலில் இறங்கியதும் இறங்கியபடியே சுரங்கத்துக்குள் கூட்டிப்போய், இரண்டு பாதைகளிலும் ஒரு முனை விடாமல் ஏறி இறங்கினான். ஆயிரம் விளக்கு ஸ்டேஷனில் நிறுத்தி, அந்தப் பேர் வந்த விதத்தை விளக்கினான். ராத்திரி அதே சென்ட்ரலில் ரயில் ஏறி ஊர் திரும்பிவிட்டார்கள். "மெட்ராசுக்குப் போயிட்டுக் கடலப் பாக்காம வந்த ஒரே பொம்பள நான்தான்" என்று ரேணுகா தன்னோடு வேலை பார்க்கும் டீச்சர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் ஒரு தனியார் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டுக்கு வணிகவியல் எடுக்கிறாள்.

இப்படிப்பட்டவனிடம்தான் ஜீப்பு சங்கத் தலைவர் ஜக்கையன் பதினோரு போர்டுக்கு ஆர்டர் கொண்டுவந்தான்.

போடியிலிருந்து குரங்கணிக்கு ஓடும் ஷேர் ஜீப்புகள் வழியில் பதினோரு இடங்களில் நிற்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது போதும். ஆனால் சனி ஞாயிறுகளில் மலையேற வரும் வெளியூர்க்காரர்கள் கண்ட இடத்தில் இறங்கிவிடுகிறார்கள். போன மாதம் ஏழு பேர் மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, யாரோ ஒருவரின் ஏலத்தோட்டத்துக்குள் போய்ப் படம் எடுத்து, நாய் துரத்தி, ஒருவர் செடிக்குள் விழுந்து, ஒரே ரகளை.

"தகரப் போர்டுண்ணே. மஞ்சக் கலர்ல, கறுப்பு எழுத்து. பேரெல்லாம் இதுல எழுதியிருக்கேன்" என்று ஜக்கையன் ஒரு சீட்டை நீட்டினான்.

லிங்கேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். இத்தனை வருடம் அவன் படித்ததெல்லாம் அடுத்தவன் ஊர்ப் பாதை. இன்றைக்குத் தன் ஊருக்கே ஒரு பாதையும், அதில் பதினோரு ஸ்டேஷன்களும் கிடைத்துவிட்டன. சீட்டை வாங்கி வரி வரியாகப் படித்தான். ரேடியோ முக்கு. நாலரைக் கடை. தொப்பி மரம். ஏழாவது வரியில் வெறுமனே 'பாலம்' என்றிருந்தது.

"எந்தப் பாலம்? இந்த ரோட்டுல நாலு பாலம் இருக்கே?"

ஜக்கையன் பிடரியைச் சொறிந்தான். "சும்மா பாலம்னே போடுங்கண்ணே."

"அதெப்பிடி? ஸ்டேஷனுக்கு முழுப் பேரு வேணும். சனங்க என்ன சொல்லி எறங்குவாங்க?"

"அவங்க என்னத்தையோ சொல்லுவாங்க. எனக்கு வண்டி நிக்குது" என்று ஜக்கையன் வெரசாக் கிளம்பிவிட்டான்.

லிங்கேஸ்வரன் விடுவானா? போர்டு மட்டும் போதாது, முழுப் பாதைக்கும் ஒரு படம் போட்டு, ஒவ்வொரு பேரும் எப்படி வந்தது என்று கீழே இரண்டு வரி எழுதி, ஜீப்பு நிற்கும் இடத்தில் ஒட்டுவது என்று தீர்மானித்தான். சங்கம் கேட்காததை அவன் தன் கையிலிருந்து செய்வதாக இருந்தான்.

அதற்கு ஜீப்பில் போய்ப் பார்க்கவேண்டும். அதில்தான் சிக்கல். லிங்கேஸ்வரனுக்கு மலைரோட்டில் ஜீப்பு ஆகாது, வயிற்றைப் புரட்டும் என்பது ஊரறிந்த விஷயம். ரேணுகாவின் பிறந்தவீடு குரங்கணியில்தான். இருந்தும் கல்யாணமாகிப் பதினெட்டு வருடங்களில் அவன் அங்கே போனதெல்லாம் சொந்த பைக்கில், பொங்கலுக்குப் பொங்கல். ஷேர் ஜீப்பில் அவன் ஏறியது அதற்கெல்லாம் முன்னால், பெண் பார்க்கப் போன அன்றைக்கு ஒரே ஒரு தடவை.

கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்தபடி, மச்சான் சோலைமலையின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினான். சோலைமலை ரேணுகாவின் அண்ணன். இருபது வருடமாக இதே ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்.

"என்ன மாப்ளே, அதிசயமா இருக்கு? ஜீப்பெல்லாம் ஏறுறீங்க?"

"வரலாறு மச்சான், வரலாறு."

முதல் நான்கு நிறுத்தங்கள் சுலபமாக முடிந்தன. ரேடியோ முக்கு வரைக்கும் அந்தக் காலத்தில் ரேடியோவில் தமிழ் கேட்கும். வளைவு திரும்பியதும் மலையாளம் ஆகிவிடும். நாலரைக் கடை என்பது எந்நாளும் நாலரைக்குத்தான் அடுப்பு மூட்டிய டீக்கடை. கடை போய்ப் பத்து வருடமாகிறது, இன்னும் ஜனங்கள் நாலரைக் கடையில் இறங்குகிறார்கள். லிங்கேஸ்வரன் புல்லரித்துப்போய் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான்.

ஆறாவது நிறுத்தம் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஒரு காலேஜ் பெண் குரல் கொடுத்தாள். "அண்ணே, மாப்ளே ஓடுன பாலத்துல நிப்பாட்டுங்க."

சோலைமலைக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"என்ன பேரு சொன்ன?" என்று லிங்கேஸ்வரன் திரும்பினான். முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "மாப்ளே ஓடுன பாலமா? எந்த மாப்ளே? எப்ப ஓடுனாரு?"

ஜீப்பில் இருந்த ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் வெளியே பார்த்தார்கள். யாரோ ஒரு அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும், "தெரியலண்ணே, எனக்கு வெவரந் தெரிஞ்சதுலருந்து அதான் பேரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

"மச்சான், ஒங்களுக்குத் தெரியுமா?"

"எவனோ ஒருத்தன் மாப்ளே. விடுங்க."

"விடுறதா? இந்தப் பதினொண்ணுலயும் இதான் நல்ல பேரு!"

பாலத்தை அவன் எட்டிப் பார்த்தான். கீழே ஆறு. ஓரத்தில் காட்டுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதை. அந்த இடத்தில் அவனுக்குச் சொந்தமாகவும் ஒரு ஞாபகம் இருந்தது. ஆனால் அதை அவன் பல வருடங்களுக்கு முன்பே 'வாந்தி' என்று பேர் எழுதி உள்ளே போட்டு மூடிவிட்டான். மற்றவர்களின் வரலாற்றைத் தோண்டுகிறவனுக்கு, தன்னையும் யாராவது தோண்டுவார்கள் என்று தோன்றுவதே இல்லை.

ஒரு வாரம் அந்தப் பாலத்தோடு மல்லுக்கட்டினான். கேட்ட இடத்திலெல்லாம் சிரித்தார்களே தவிர யாரும் பதில் சொல்லவில்லை. அவர்கள் கூச்சப்படுவதற்குக் காரணம், அது ஏதோ பெரிய குடும்பத்து விவகாரமாக இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினான். ஜமீன் காலத்தில் நடந்திருக்கலாம். கேரளப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளையாகவும் இருக்கலாம். குதிரையில் வந்திருப்பான். பாலம் அப்போது மரப்பாலம்.

சனிக்கிழமை காலையில் ரேணுகா தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அடுப்படி வாசலில் நின்று படித்துக் காட்டினான். "ஏழாவது நிறுத்தம், மாப்ளே ஓடுன பாலம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், விருப்பமில்லாத திருமணத்திலிருந்து தப்பிய ஒரு மணமகன், தன் குதிரையை இவ்விடத்தில்..."

ரேணுகா கரண்டியைக் கீழே வைத்தாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோசை கருகுகிற வாசனை வந்தும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

"குதிரையா! குதிரை வேறயா!"

"என்ன தப்பு?"

"ஒரு தப்புமில்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நூறு வருசம் மட்டும் இருக்காது. ஒச்சம்மா அத்தைகிட்ட கேளுங்க. அவங்க அந்தப் பாலத்துப் பக்கந்தான் தோட்டத்துல காயெடுக்கிறாங்க."

ஒச்சம்மாளை அவனுக்குத் தெரியும். காயெடுக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பாலத்துக்குச் சற்று மேலே, பெரிய மரத்து நிழலில், ஐந்தாறு பெண்கள் பச்சை ஏலக்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒச்சம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வா அப்பு. என்ன நோட்டும் பேனாவுமா?"

"ஆத்தா, இந்தப் பாலத்துக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சு? பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"பாத்தவங்களா?" ஒச்சம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "ஏடி ராக்கு, இந்தப் புள்ள கேக்குது பாரு."

ராக்கு சாக்கின் மேல் சாய்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"எழுதிக்க" என்றாள் ஒச்சம்மாள். "ஒரு பொங்க கழிஞ்சு மூணாம் வாரம். ஆத்துக்கு அந்தப் பக்கத் தோட்டத்துல காயெடுத்து, குரங்கணி ஸ்டோர்ல காய வைக்கக் கொண்டு போறோம். நாலு பேரு, நாலு மூட்ட. இந்தத் தடத்துல நாங்க மேல ஏறுறோம், ஒருத்தன் கீழ எறங்கி ஓடி வர்றான். பேண்டு சட்ட, நெத்தியில துன்னூறு, பவுடரு. மூச்சு வாங்குது."

லிங்கேஸ்வரன் எழுதினான். மூச்சு வாங்குது.

"எங்கிட்டுப்பா போறேன்னு கேட்டேன். கல்கத்தாவுக்குன்னான்."

பேனா நின்றது.

"கல்கத்தாவுக்கு இப்பிடியா வழி, இது ஆத்துக்குல்ல போகுதுன்னேன். இந்தா, இந்த ராக்கு சிரிச்ச சிரிப்புல மூட்டையக் கீழ போட்டுட்டா. இடுப்புப் பிடிச்சுக்கிருச்சு. அப்பறம் யாரு தூக்குறது? சும்மாதான போற, தூக்குடான்னு ஒந்தலைல வச்சோம். நீயும் ஒண்ணுஞ் சொல்லாம தூக்கிட்டு வந்த. ஜீப்புல ஒன்னயக் கூட்டியாந்தவங்க, மாப்ளே எறங்கி ஓடிட்டான்னு இந்தப் பாலத்துல நின்னு கத்துன கத்து ஊருக்கே கேட்டுச்சு. அன்னைக்கு வச்ச பேருதான் அப்பு."

மரத்திலிருந்து ஒரு இலை விழுந்து நோட்டின் மேல் உட்கார்ந்தது. அதோடு சேர்த்தே அவன் நோட்டை மூடினான்.

நடந்தது இதுதான். இருபத்தாறு வயதில், கல்கத்தாவில் வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்குள் பெண் பார்க்க ஜீப்பு ஏறியாயிற்று. பின்னால் ஏழு சொந்தக்காரர்கள். "பொண்ணு பிடிக்கலைன்னாலும் பஜ்ஜியச் சாப்பிட்டுட்டுச் சொல்லு" என்று மாமா சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவனுக்கு மூச்சு முட்டியது. வாந்தி வருகிறது என்று சொல்லி வண்டியை நிறுத்தி இறங்கினான். சட்டைப் பையில் கடிதம் இருந்தது. பாலத்து ஓரத்துத் தடத்தில் கால் தன்பாட்டுக்கு ஓடியது.

பிறகு மூட்டையோடு பெண் வீட்டு வாசலில் போய் நின்றான். "பாவம் பொம்பளைங்க, சுமக்க முடியாம வந்தாங்க, அதான் எறங்கி ஒரு கை பிடிச்சேன்" என்றான். மாமனார் கண்கலங்கிவிட்டார். இப்பேர்ப்பட்ட பிள்ளையா என்று ஊரெல்லாம் பேச்சு. பதினெட்டு வருடமாக அந்த நல்ல பேரில்தான் அவன் குரங்கணியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆத்தா, இது ரேணுகாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்குச் சாயந்தரமே சொல்லிட்டேன். பொண்ணுப்பிள்ளைக்குத் தெரியாம இருக்கலாமா?"

வீட்டுக்கு வந்தபோது ரேணுகா கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமாமே?"

"ம்."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?"

"கல்கத்தாவுக்குக் கெளம்புனவன், தூக்குடான்னதும் தூக்கிட்டு வந்துட்டான். சரி, இவன் சொன்னாக் கேப்பான்னு நெனச்சேன்." சிவப்புப் பேனாவை மூடினாள். "அது ஒண்ணுதான் தப்பாப்போச்சு."

அவன் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தான். அவளும் சிரிப்பை விட்டாள்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு வருசம், ரெண்டு வருசம். பெறகு பாக்குறத விட்டுட்டேன். அண்ணன்கிட்டயும் ஜீப்புக்காரங்ககிட்டயும் நான்தான் சொல்லி வச்சேன், இவரு முன்னாடி அந்தப் பேரச் சொல்லாதீங்கன்னு."

"ஏன்?"

"வெக்கப்படுவீங்கன்னு."

வெளியே தெருவில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். ரேணுகா எழுந்திருக்கவில்லை.

"அந்த வேலைக்குப் போயிருக்கலாம்னு இன்னைக்கும் தோணுதா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் திறந்தான். பதினெட்டு வருடத்துப் பொய்யே போதும் என்று பட்டது. "சில நாளு தோணும். கடையில யாருமில்லாதப்ப."

"எனக்கும் சில நாளு தோணும். எம்.காம். சேர விண்ணப்பம் எழுதி அரிசிப்பானைக்குள்ள வச்சிருந்தேன். அன்னைக்கு ஏழு பேரு வந்து உக்காந்தப்ப எனக்கும் ஓடணும்போலதான் இருந்துச்சு. நீங்க வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிட்டீங்க. நான் தட்டத் தூக்கிட்டு வந்தேன்."

இந்த விண்ணப்பத்தைப் பற்றி அவனும் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறான். கேட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் விளக்கில் எத்தனை விளக்கு என்று கேட்டவன், இதைக் கேட்கவில்லை.

"இப்பச் சேரலாமே" என்றான். "தபால்ல படிக்கலாம்ல?"

"பாக்கலாம். மொதல்ல போய்த் தண்ணி பிடிங்க."

திங்கட்கிழமை பதினோரு போர்டும் அச்சுக்குத் தயாரானது. பத்துப் போர்டு அப்படியே. ஏழாவதில் மட்டும் 'ஆற்றுப் பாலம்' என்று அழகான எழுத்தில் வடிவமைத்திருந்தான். சாயங்காலம் கடைக்கு வந்த ரேணுகா கணினித் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு அவனுடைய குரலிலேயே, சுவரில் இருந்த லண்டனைப் பார்த்துச் சொன்னாள்: "அத மாத்துறவன் வரலாத்த அழிக்கிறான்."

அவன் 'ஆற்றுப் பாலம்' என்பதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தான். பிறகு அழித்துவிட்டு, 'மாப்ளே ஓடுன பாலம்' என்று அடித்தான். 'மாப்பிள்ளை ஓடிய' என்று திருத்திப் பார்த்தான். அது வேறு யாரோ ஓடியது போல இருந்தது. மறுபடியும் பழையபடியே போட்டான். பாதைப் படத்தின் குறிப்பில் குதிரையை எடுத்துவிட்டு, நடந்த வருடத்தையும் மாதத்தையும் எழுதினான். ஆள் பேரையும் எழுதினான். எழுதி முடித்தபோது உடம்பு லேசானது போல இருந்தது, கூடவே கடையைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாமா என்றும் இருந்தது.

போர்டு நட்ட அன்றைக்கு ஜீப்பு சங்கம் முழுக்கப் பாலத்தில் கூடிவிட்டது. வேறு எந்த நிறுத்தத்துக்கும் இத்தனை கூட்டம் இல்லை. சோலைமலை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, குழிய நீங்களே தோண்டுங்க, அதான் மொற" என்றார். ஜக்கையன் மாலை வாங்கி வந்து போர்டுக்குப் போடுவதா, ஆளுக்குப் போடுவதா என்று எல்லாரையும் கேட்டான். கடைசியில் ஆளுக்கே போட்டார்கள்.

சாக்கோடு அந்த வழியாக வந்த ஒச்சம்மாள் நின்று, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, போர்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்குத் திருப்தியில்லை.

"இது பாதிக் கதையில்ல? ஓடுனதுக்குப் போர்டு வச்சீங்க. மூட்ட தூக்குனது எங்க?"

"அதுக்கு நிறுத்தம் கெடையாது ஆத்தா."

"ஏன் கெடையாது? இந்தத் தடத்துலருந்து ஒரு கெள பிரிஞ்சு மேல போயி ரோட்டுல சேருதுல்ல? அங்க ஒருத்தனும் வண்டிய நிப்பாட்டுறதில்ல. இத்தன வருசமா மூட்டையோட ஸ்டோர் வரைக்கும் நடந்தே சாகுறோம்."

ஜீப்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிங்கேஸ்வரன் மாலையோடு நின்றபடி யோசித்தான். "நானா ஒரு பேரு வைக்க முடியாது ஆத்தா. சனங்க சொல்லி எறங்கணும். நெலைக்கணும். அதுதான் மொற."

"சொல்லிட்டாப் போச்சு" என்றாள் ஒச்சம்மாள்.

மறுநாளிலிருந்து காயெடுக்கும் பெண்கள் தடம் ரோட்டில் சேரும் இடத்தில் சாக்குகளை வரிசையாகப் போட்டு, வருகிற ஜீப்பையெல்லாம் கை காட்டி மறித்தார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருத்தியும் அடித்தொண்டையில், "மூட்ட தூக்குன முக்குல எறக்கி விடு!" என்று கத்தினாள். முதல் வாரம் ஓட்டுநர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது வாரம் அவர்களே அந்தப் பேரைச் சொல்லி நிறுத்த ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், மூட்டை எதுவும் இல்லாமல், அங்கே இறங்கவேண்டும் என்று அடம்பிடித்தது.

ஜக்கையன் மறுபடியும் கடைக்கு வந்தான்.

"அண்ணே, பன்னெண்டாவது போர்டு ஒண்ணு வேணும்."

லிங்கேஸ்வரன் பாதைப் படத்தை எடுத்து, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். பிறகு நிமிர்ந்து, இந்தப் பேர் எந்தத் தேதியில், யார் வாயில் முதலில் வந்தது, அப்போது ஜீப்பில் யார் யார் இருந்தார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினான்.

"பேரக் கொஞ்சம் பெரிசாப் போடுங்கண்ணே" என்று ஜக்கையன் வாசலுக்கு நகர்ந்தான். "ஒச்சம்மாக் கெழவிக்குக் கண்ணு சரியாத் தெரியலயாம், நேத்து ஜீப்புன்னு நெனச்சு ஆம்புலன்ஸ மறிச்சிருச்சு."